நத்தைக் கொக்கி

பணிமனை வாசலில் ஒரு கருவி.
வண்டி எடுக்குமுன் எல்லோரும் ஊத வேண்டும்.
பதினோரு வருடம் ஊதினேன். பூஜ்யம். பூஜ்யம்.
எத்தனை மணிக்கு நிறுத்தினால்
எத்தனை மணிக்கு வற்றும் என்ற கணக்கு
எனக்குத் தலைகீழ்ப் பாடம்.
ஜனவரி ஒன்பதாம் தேதி கணக்குத் தப்பியது.
மேலாளர் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
சாவியை வாங்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார்:
செவ்வாய், மாலை ஆறு, தேவாலய நிலவறை.

மூன்று செவ்வாய்கள்
தாள் மேலங்கிப் பையிலேயே கிடந்தது.
நான்காவதில் கிளம்பினேன்.

தண்டவாளம் போகும் தெருக்களில்
கண்ணைக் கட்டிவிட்டாலும்
போஸ்னான் நகரம் எனக்குத் தெரியும்,
எந்த வளைவில் சக்கரம் எப்படி முனகும் என்பதுவரை.
தண்டவாளம் இல்லாத தெருவில்
நான் ஊருக்குப் புதியவள்.
இரண்டு முறை தவறிப்போய்
ஒரு பூட்டுக்காரரிடமும்
நாயோடு நின்ற பெண்ணிடமும்
தேவாலயத்துக்கு மட்டும் வழி கேட்டேன்,
ஏதோ பிரார்த்தனைக்குப் போகிறவள்போல.

நிலவறைக் கதவில் ஓர் அறிவிப்பு:
குழாய் வெடித்துவிட்டது. கூட்டம் நடக்கும் இடம்
அதற்கு மேல் பனிச்சேறு அழித்திருந்தது.

உண்மையைச் சொல்கிறேன்,
உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம்.
தேடினேன், கிடைக்கவில்லை.
இனி யாரும் என்னைக் கேட்க முடியாது.

அதைக் கொண்டாடத்தான் முனைக் கடைக்குப் போனேன்.
நூறு மில்லி புட்டிக்கு இங்கே
குட்டிக் குரங்கு என்று பெயர்.
கைக்குள் அடங்கும்.
சில்லறை தேடும்போது தாள் கீழே விழுந்தது.
எடுத்துக் கொடுத்த கடைப்பையன்,
ஓஸ்தாப், உக்ரைன்காரன்,
படித்துவிட்டுச் சொன்னான்:
"இது இப்போ மழலையர் பள்ளியில நடக்குது.
பச்சைக் கதவு. மணி வேலை செய்யாது, தட்டணும்."
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.
"ஆறு மணிக்கு முன்னாடி
இங்கேதானே எல்லாரும் நின்னு யோசிக்கிறாங்க."
புட்டியை நகர்த்தினான்.
"சிலர் ரெண்டையும் வாங்கிட்டுப் போவாங்க."

நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

நடைவழியில்
குழந்தைகளின் இடுப்புயரத்தில் வரிசையாகக் கொக்கிகள்.
பெயருக்குப் பதில் படங்கள்:
முள்ளெலி, காளான், கெண்டி, குடை.
காலியாக இருந்தது நத்தை.
குரங்கோடு சேர்த்து மேலங்கியை அதில் மாட்டினேன்.
பாதி தரையில் கிடந்தது.

உள்ளே பன்னிரண்டு பெரியவர்கள்
முழங்கால் மோவாயில் இடிக்க
சிவப்பும் மஞ்சளுமான குட்டி நாற்காலிகளில்.
கூரை வேயும் ஃப்லோரியானின் நாற்காலி
அவர் அடியில் காணவே இல்லை.
ஒருவரும் கம்பீரமாக உட்கார முடியாத அறை.
அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

என் முறை வந்தது.
"பொகுமிவா. டிராம் ஓட்டு..."
ஓட்டுகிறேனா, ஓட்டினேனா,
ஓட்டுவேனா?
வினைச்சொல் பாதியில் நின்றது,
மின்கம்பி அறுந்த வண்டிபோல.
யாரும் முடித்துத் தரவில்லை.
ஓத்திலியா என்ற பல் மருத்துவர்
தேநீர்க் குவளையைக் கையில் வைத்தார்.
அதில் வாத்துப் படம்.

முடிந்ததும் நாற்காலிகளை
நிறவாரியாகத் திரும்ப அடுக்கினோம்.
காலையில் குழந்தைகளுக்குத் தெரியக் கூடாதாம்,
இரவு யாரோ வந்து உட்கார்ந்தது.
மஞ்சளில் ஒன்று குறைந்தது. எல்லோரும் தேடினோம்.
ஃப்லோரியான் எழவே இல்லை,
மாட்டிக்கொண்டிருந்தார்.
இரண்டு பேர் பிடித்து இழுத்தோம்.
ஒன்பதாம் தேதிக்குப் பிறகு
அன்றுதான் சத்தமாகச் சிரித்தேன்.

மேலங்கியை எடுத்துத் தந்த ஓத்திலியாவுக்கு
அதன் கனம் தெரிந்திருக்கும்.
"நத்தை உன்னுடையதா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
"அடுத்த வாரமும் அதையே எடுத்துக்கொள்."

வெளியே தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது.
முனகலிலேயே தெரிந்தது,
பதின்மூன்றாம் எண்; ஓட்டுபவர் வேகம் கூடுதல்.
புட்டி பையில் இருந்தது.
கையும் பையில்தான் இருந்தது.
நிறுத்தம்வரை நடந்தேன்,
பிறகு அடுத்த நிறுத்தம்வரை.